புதன் இரவில் எரிந்த விளக்கு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், புலம்பெயர்ந்தவர் நிறைந்த ஸ்காபரோவில் ஒரு தமிழ் அச்சகத்தில் வேலை செய்தேன். ஒரு பிளாசாவின் பின்பக்கம், மீன்கடைக்கும் வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவரின் அலுவலகத்துக்கும் நடுவில் இரண்டு அறைகள். முன் அறையில் முதலாளி, பின் அறையில் இயந்திரமும் நானும். கலியாணக் காட், பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் சாமத்தியவீட்டுக் காட், புதுவீடு புகக் குடிபூரல் காட், இறந்தவர்களின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், இவைதான் எங்கள் தொழில். எழுத்துப் பிழை பார்ப்பதும் நாள் நட்சத்திரம் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. திகதி விஷயத்தில் எனக்கு எப்போதும் ஒரு பிடிவாதம் உண்டு. எங்கே ஒரு வருடத்தைக் கண்டாலும் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தேடாமல் விடமாட்டேன்.

அப்படிப்பட்ட எனக்கே 1995 குளிர்காலத்தில் ஒரு பிழை நேர்ந்தது. அஜக்ஸில் புதிதாக வீடு வாங்கிய ஒரு குடும்பத்துக்கு ஐயர் பால் காய்ச்ச நேரம் வைத்துக் கொடுத்திருந்தார். துண்டுக் கடதாசியில் "வியாழக்கிழமை இரவு நாலரை" என்று எழுதியிருந்தது. நான் அழகாக "வியாழக்கிழமை அதிகாலை 4.30" என்று அச்சடித்துவிட்டேன். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தோடு தொடங்கி அடுத்த உதயம்வரை போகிறது. ஐயர் சொன்ன வியாழன் இரவு நாலரை, கடிகாரக் கணக்கில் வெள்ளி அதிகாலை நாலரை. விருந்தினர் ஒரு நாள் முந்திப் போய்ப் பூட்டிய வீட்டின் முன்னால், பனிக்குள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் முதலாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, "அண்ணை, பாலும் பானையும் எங்களிட்டை இருக்கு. வீட்டுக்காரரைத்தான் காணேல்லை. நாங்களே குடிபூருவமோ?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து விடியப்புறத்து நேரம் கொண்டு வருகிற எவரையும், "உதயத்துக்கு முந்தியோ பிந்தியோ? எந்த நாள் விடியப்போகுது?" என்று கேட்காமல் நான் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

அடுத்த ஆண்டு, அதாவது தாது வருடம், வைகாசி மாதம் ஒரு பெண்மணி மகளின் கலியாணக் காட்டுக்கு வந்தார். ஐம்பத்துநான்கு வயது. விக்டோரியா பார்க் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் இருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை அக்கா என்றேன். மாதிரிக் காட்களைப் புரட்டிக்கொண்டு இருந்தவரின் கண், என் மேசையில் கிடந்த நூலகப் புத்தகத்தில் நின்றது. அட்டையில் ஒரு போர்க்கப்பல்.

"தம்பி, உது சண்டைப் புத்தகமோ?"

"ஓமக்கா. ரெண்டாம் உலகப்போர். இந்து சமுத்திரத்தில நடந்த கடற்சண்டை."

"திருகோணமலை வருமோ உதில?"

"ஒரு அதிகாரம் முழுக்க வருது."

"உளவாளியெண்டு பிடிச்ச கிளாக்கர் ஒருத்தரின்ர பேர் கிடக்கோ எண்டு பாரும். அவர் என்ர அப்பா."

முன் அறையில் முதலாளி காட்களை அடுக்குவதை நிறுத்தினார். அக்கா அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ அண்ணை. நான் உங்கட கடை ரகசியம் ஒண்டும் கொண்டுபோகேல்லை."

அடுத்த சனிக்கிழமை ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். அவருடைய சிக்கல் இதுதான். அக்காவின் தாய்க்கு ஒரே ஒரு தமையன். கலியாணத்துக்குத் தாய்மாமனிடம் நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் முறை. அந்த மாமா இப்போது எண்பது வயதில், மகனோடு அஜக்ஸில் இருந்தார். காரில் போனால் அரைமணி நேரம். ஆனால் ஐம்பத்துநான்கு வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. 1942இல் அக்காவின் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அந்த மாமாதான். மைத்துனன் உளவாளி, தங்கை பொய்க்காரி என்று பிறகு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் அவரே.

"என்ர கலியாணத்துக்கு அம்மா அவரைக் கூப்பிட விடேல்லை. இப்ப அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மகளின்ர கலியாணத்தில அந்த இடம் வெறுமையாக் கிடக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் சொன்னதை அவர் வாயாலேயே திருப்பி எடுக்கவேணும். எடுக்காட்டி நான் காட் குடுக்கமாட்டன்."

"நான் என்னக்கா செய்யிறது?"

"நீர் உந்தக் காலத்தைப் படிக்கிறீர். அப்பா உளவாளி இல்லையெண்டு எனக்குத் தெரியும். அது பாசம். அவருக்குக் காட்டப் பாசம் காணாது."

அந்த நாட்களைப் பற்றி நான் படித்திருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஒன்பதாம் திகதி வியாழக்கிழமை காலை திருகோணமலையைத் தாக்கின. பிரித்தானியர் முன்கூட்டியே அறிந்து துறைமுகத்திலிருந்த கப்பல்களை முதல்நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படி வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பலொன்றை ஜப்பானியர் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். கப்பல் போன திசை எதிரிக்கு எப்படித் தெரிந்தது? கரையில் இருந்து எவனோ சொல்லியிருக்கிறான் என்பது அன்றைய முதல் சந்தேகம். உண்மையில் அந்தக் கப்பலை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கடலில் கண்டது என்றுதான் பிற்கால நூல்கள் எழுதுகின்றன. மறுபக்கத்தில் பிரித்தானியரும் எதிரியின் சங்கேதச் செய்திகளைக் கொழும்பில் இருந்துகொண்டே உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரரசுகளும் ஒன்றையொன்று உளவு பார்த்தது வானத்திலும் வானொலி அலையிலும். தேடிப் பிடித்தது, கடலைப் பார்த்த வீடுகளில் குடியிருந்தவர்களை.

உறைக்குள் தட்டெழுதிய இரண்டு தாள்கள் இருந்தன. யுத்தம் முடிந்து விடுதலையான பிறகு, வேலையைத் திரும்பக் கேட்டு மனுப்போட, தகப்பன் வாங்கிய விசாரணைச் சுருக்கத்தின் பிரதி. வேலை கிடைக்கவில்லை. தாள்கள் மிஞ்சின.

முதலில் மாமாவின் வாக்குமூலம். அவர் அப்போது திருகோணமலையில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை. இரவில் விமானத் தாக்குதல் காவலராகத் தொண்டு. தெருத் தெருவாகப் போய், வெளிச்சம் வெளியே தெரிகிற வீடுகளைக் கண்காணிப்பது கடமை. "புதன் காலை இரண்டு மணிக்கு" துறைமுகத்தைப் பார்த்த தங்கையின் வீட்டு மேல் ஜன்னலில் ஒரு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது, கால்மணி நேரம் நீடித்தது என்று சொல்லியிருந்தார். அடுத்தது தகப்பனின் வாக்குமூலம். அவர் கடற்படைத் தளத்துக் களஞ்சியத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர். அவர் சொன்னது: குண்டு விழுவதற்கு முந்திய இரவு நான் வேலையில் இருந்தேன். நீங்கள் கேட்கிற புதன் காலை இரண்டு மணிக்கு வீட்டில் நித்திரை. வீட்டில் விளக்கு எரியவில்லை. மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் மூலம் தாய் சொன்னது. புதன் இரவு இரண்டு மணிபோல, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விளக்குக் கொளுத்தியது நான்தான். அப்போது என் கணவர் வீட்டில் இல்லை, வேலைக்குப் போயிருந்தார்.

கடைசியில் அதிகாரியின் முடிவு. வேலைப் பதிவேட்டின்படி இவர் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் கடமைக்கு வந்து, வியாழன் காலை ஆறுவரை இருந்தார். புதன் காலை இரண்டு மணிக்கு வீட்டில் இருந்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே மனைவி சொல்வது பொய். கணவன் விளக்கே எரியவில்லை என்கிறார், மனைவி எரிந்தது என்கிறார். இருவரும் எதையோ மறைக்கிறார்கள்.

முதல் தடவை வாசித்தபோது எனக்கும் அதிகாரியின் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு இருந்தேன். கழிவுக் காட் ஒன்றின் பின்பக்கத்தில் செவ்வாய், புதன், வியாழன் என்று கட்டம் கீறி, ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள் என்று நிரப்பினேன். தாயின் கட்டம் மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. நாலாம் நாள், குடிபூரல் காட் ஒன்றுக்கு நேரம் சரிபார்த்தபோது, வழக்கம்போல "எந்த நாள் விடியப்போகுது?" என்று வாடிக்கையாளரிடம் கேட்டேன். கேட்டுவிட்டு அவரை அப்படியே நிற்கவிட்டுப் பின் அறைக்குப் போனேன்.

தாய் சொன்ன புதன் இரவு இரண்டு மணி, பஞ்சாங்கப் புதன். கடிகாரத்துக்கு அது வியாழன் அதிகாலை, குண்டு விழுவதற்குச் சில மணி நேரம் முந்தி. அந்த நேரம் கணவர் வேலையில் இருந்ததைப் பதிவேடே சொல்கிறது. மாமா கண்டதும் அதே இரவுதான் என்றால், அவரும் புதன் இரவு என்று மனதில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் புதன் காலை என்று சொல்லிவிட்டார். அதிகாரி ஒரு நாள் முந்திய இரவைப் பற்றி எல்லோரையும் விசாரித்தார். எல்லோரும் உண்மையே சொன்னார்கள்.

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் நாள்களை ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "மாமா கண்டது எந்த இரவெண்டு அவரைத்தான் கேக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டு நில்லும்" என்றார்.

அக்காதான் கார் ஓட்டினார். 401 நெடுஞ்சாலையில் கடைசிவரை வலது லேனை விடவில்லை. கைப்பையில் ஒரு காட், குங்குமச் சிமிழ். "உதைக் குடுக்காமல் திரும்பவும் கொண்டுவரலாம். அதுக்கும் ஆயத்தம்" என்றார்.

மாமா சாய்வு நாற்காலியில், கோடையிலும் ஸ்வெற்றரோடு, சத்தத்தை நிறுத்திய தொலைக்காட்சியில் பேஸ்போல் பார்த்துக்கொண்டு இருந்தார். மருமகள் எங்களை உட்காரவைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். மாமா அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐம்பது வருசம் எடுத்திருக்கு. பார்க்கிங் கிடைக்கேல்லையோ?"

"நீங்கள் தரேல்லை மாமா."

"இவர் ஆர்? லோயரோ?"

"காட் அடிக்கிறவர்."

"காட் அடிக்கிறவருக்கு இஞ்சை என்ன வேலை?"

"பிழை பார்க்கிறனான் ஐயா," என்றேன்.

"அப்ப ஒரு பிழையோடதான் வந்திருக்கிறீர்."

அக்கா தாள்களைக் கொடுத்தார். அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தன் வாக்குமூலத்தை உரத்து வாசித்தார். அந்த ஆங்கிலம் அவருக்கே நல்ல திருப்தியாக இருந்தது. "எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படேல்லை, தெரியுமோ? நேர இங்கிலீஸில குடுத்தனான். ஒரு பிழை சொல்லும் பார்ப்பம்."

"இங்கிலீஸில பிழை இல்லை ஐயா. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. வெளிச்சத்தைக் கண்டு எவ்வளவு நேரத்தால குண்டு விழுந்தது?"

"அண்டைக்கு விடியத்தான். டியூட்டி முடிச்சுவந்து ஹெல்மெற்றும் கழட்டேல்லை. தேத்தண்ணி ஊத்த வெளிக்கிட யப்பான்காரன் வந்திட்டான்."

"குண்டு விழுந்தது வியாழன்."

"ஏப்ரல் ஒன்பது, வியாழன். உலகத்துக்கே தெரியும்."

"அப்ப நீங்கள் கண்டது வியாழன் விடியப்புறம் ரெண்டு மணி."

"புதன் இரவு ரெண்டு மணி."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான் ஐயா. வெள்ளைக்காரனுக்குப் பன்னிரண்டு மணியோட வியாழன் துவங்கியிடும். நீங்கள் குடுத்தது புதன் காலை. அது செவ்வாய் இரவு."

மாமா கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினார். பிறகு இரண்டாவது தாளை எடுத்துப் பதிவேட்டு விபரம் இருந்த இடத்தைத் தேடினார். நான் விரலை வைத்துக் காட்டினேன். புதன் மாலை ஆறு தொடக்கம் வியாழன் காலை ஆறு. அதை அவர் வாய்க்குள் இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப விளக்கு?"

"அம்மா," என்றார் அக்கா. "எனக்கு மூண்டு மாசம். காய்ச்சல். விளக்கை மேசையில வைச்சுப்போட்டு என்னைத் தோளில போட்டுக்கொண்டு நடந்தவ. அவ முன்னால போகேக்கை மறையும், விலக வெளிக்கும். அதைத்தான் நீங்கள் சிக்னல் எண்டு கண்டனீங்கள்."

"ஜன்னலைச் சாத்தியிருக்கலாம்."

"காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காத்து வேணுமெண்டு திறந்தவ."

"பிளாக்அவுட் சட்டம், சட்டம்தான் பிள்ளை."

"அதுக்குத் தண்டம் அடிச்சிருக்கலாம். உளவாளி எண்டு சொல்லியிருக்கத் தேவையில்லை."

"நான் எங்கை சொன்னனான்? வெளிச்சம் கண்டன் எண்டுதான் இதில கிடக்கு. வாசிச்சுப் பார்."

"இதில இல்லை மாமா. இதுக்குப் பிறகு ஊரில சொன்னனீங்கள்."

மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் எடுக்கவில்லை. மாமா தொலைக்காட்சியைப் பார்த்தார்; அதில் விளையாட்டு நின்று விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"அந்த ஒபிஸர் என்னைக் கூப்பிட்டான்," என்றார். "உன்ர தங்கச்சி பொய் சொல்லுறாள், பதிவுப் புத்தகம் இருக்கு எண்டான். நான் புத்தகத்தை நம்பினன்."

"அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. அடுத்த தெருவிலதானே இருந்தனீங்கள்."

அவர் தாள்களை மடிக்காமல் அப்படியே அக்காவிடம் நீட்டினார். "இப்ப உனக்கு என்ன வேணும்? எனக்கு விளங்கியிட்டுது. அது காணாதோ?"

"எனக்கு விளங்கினது எப்பவோ. நீங்கள் சனத்துக்குச் சொன்னது. சனத்துக்குத்தான் திருப்பிச் சொல்லவேணும்."

அந்த அறையில் நான் இருந்தது அந்த நேரத்தில் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. எழுந்து போகவும் வழியில்லை. கார்ச் சாவி அக்காவிடம். கடைசியில் மாமா, "எத்தினையாம் திகதி கலியாணம்?" என்று கேட்டார். அக்கா உடனே காட்டை எடுக்கவில்லை. "வந்தால் சொல்லுவீங்களோ?" என்றார்.

"சொல்லுறன் எண்டால் சொல்லுவன். நான் சாட்சி சொல்லிப் பழகினவன்."

அக்கா எழுந்து, சிமிழைத் திறந்து, முறைப்படி காட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் கலியாணம். தாலி கட்டு முடிந்து சனம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது. பெண் பக்கத்து மூத்தவர் வாழ்த்த வேண்டும் என்று மைக்கில் அழைத்தார்கள். மாமா பொல்லை ஊன்றிக்கொண்டு எழுந்துபோனார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் வாசித்தார். ஆங்கிலத்தில் கொடுத்த வாக்குமூலத்தை ஆங்கிலத்திலேயே திருத்தவேண்டும் என்று நினைத்திருக்கலாம். தாளில் இருந்தது இது: ஜப்பானியத் தாக்குதல் பற்றி முன்பு நான் கொடுத்த சாட்சியத்தில் நாள் தவறு. குறித்த நேரத்தில் என் மைத்துனர் கடமையில் இருந்தார். என் தங்கையின் கூற்று சரியானது. ஒரு அலுவலகத்துக்கு எழுதிய கடிதம்போல இருந்தது. மண்டபத்தில் தட்டுச் சத்தமும் பிள்ளைகள் ஓடுகிற சத்தமும்.

என் மேசையில் ஒருவர், "என்ன சொல்லுறார் கிழவர்?" என்றார்.

"ஏதோ யப்பான் எண்டு கேட்டுது," என்றார் மற்றவர்.

"மாப்பிள்ளைக்கு யப்பான் கார் குடுக்கினமாக்கும்."

அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். மாமா தாளை மடிக்கத் தொடங்கியபோது அவர் நடந்துபோய் மைக்குக்குக் கிட்ட நின்றார். அவர் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, தமிழில சொல்லுங்கோ."

மாமா அவரைப் பார்த்தார். தாளில் தமிழ் எழுதியிருக்கவில்லை. மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தார்.

"இவளின்ர அப்பா உளவாளி இல்லை," என்றார். "நான் நாளைப் பிழையாச் சொல்லிப்போட்டன். என்ர தங்கச்சி பொய் சொல்லேல்லை. நான்தான் பிழை."

முன்மேசைகளில் இருந்த வயதான ஆட்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். திருகோணமலையில் இருந்து வந்த ஒரு அம்மா, கையைத் தட்டில் வைத்தபடி திரும்பி அக்காவைப் பார்த்தார். பின்பக்கத்துச் சத்தம் குறையவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மாமா நின்றார். அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்து, தாய் வழி உறவினருக்கென்று ஒதுக்கியிருந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உட்காரவைத்து, தட்டு வைத்து, சோறும் போட்டார்.